கரும்புக் கரைகள் – 14: சக்சஸ் தோட்டத்துத் தச்சர்

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் முர்ரே தெரு என்று ஒரு தெரு நெடுங்காலம் இருந்தது. 1823-இல் அங்கே ஆளுநராக இருந்த ஜான் முர்ரேயின் பெயர் அது. 1985-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் குவாமினா தெரு என்று வைத்தார்கள். ஆளுநர் முர்ரே வெகுமதி அறிவித்துத் தேடிய அடிமையின் பெயர் குவாமினா. சுட்டுக் கொன்ற பிறகும் அடக்கம் செய்ய விடாமல் சாலையோரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டது அவருடைய உடலைத்தான்.

சென்ற அத்தியாயத்தில் 1763-இல் பெர்பிஸில் எழுந்த கோஃபியைப் பார்த்தோம். கோஃபி படை நடத்தியவர். நாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று டச்சு ஆளுநருக்கே கடிதம் எழுதியவர். அறுபது ஆண்டுகள் கழித்து, பக்கத்துக் காலனியான டெமராராவில் நடந்த எழுச்சி வேறு மாதிரி. அதன் நடுவில் நின்றவர் வயது முதிர்ந்த ஒரு தச்சர். ஆயுதம் எடுக்க வேண்டாம் என்று கடைசிவரை மன்றாடியவர். ஆனாலும் கோஃபியின் ஆட்களுக்குக் கிடைத்த அதே தண்டனைதான் அவருக்கும் கிடைத்தது. கயானாவுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அது ஏன் என்பதையும் இந்த அத்தியாயத்தில் சொல்ல வேண்டும்.

டெமராரா டச்சுக்காரர்கள் உண்டாக்கிய காலனி. கடல் மட்டத்துக்கும் கீழே கிடந்த சேற்று நிலத்துக்கு அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து விளைநிலமாக்கினார்கள். வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். கடலோரச் சாலையில் தொடங்கி உள்ளே காடு வரை, நாடாவைப் போல நீண்டு ஒடுங்கிய தோட்டங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடந்தன. பிரிட்டன் 1803-இல் அதைக் கைப்பற்றி, 1814-இல் முறைப்படி தன்னுடையதாக்கிக்கொண்டது. 1823-இல் அங்கே இருந்த அடிமைகள் எழுபதாயிரத்துக்கும் மேல். வெள்ளையர்கள் சுமார் 2,500 பேர். இந்தக் கணக்குதான் அங்கிருந்த ஒவ்வொரு தோட்டத்துரையின் தூக்கத்தையும் கெடுத்தது. சவுக்கு அத்தனை கொடூரமாகச் சுழன்றதற்குப் பின்னால் இந்தப் பயமும் இருந்தது.

குவாமினா ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சனிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு அக்கான் மக்கள் இடும் பெயர் அது. சிறுவனாக இருக்கும்போதே தாயோடு விற்கப்பட்டுக் கடல் கடந்தார். அந்தத் தாய் 1817 வரை உயிரோடிருந்து டெமராராவிலேயே இறந்தார். சக்சஸ் என்ற தோட்டத்தில் குவாமினா தலைமைத் தச்சர். கரும்புத் தோட்டத்தில் தச்சர் என்றால் சாதாரண வேலையல்ல. ஆலை, மதகு, வண்டி, படகு, வீடு என்று மரத்தால் ஆன எல்லாமே அவர் கைக்குத்தான் வரும். அப்படிப்பட்ட ஆளுக்கு அடிமைகளிடையே மரியாதை உண்டு, துரைமாரிடமும் ஓரளவு மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் எல்லை எது என்பதை அவர் 1822-இல் கண்டார்.

அவருடைய மனைவி பெக்கி. இருவரும் இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அந்த அம்மாள் நோயில் படுத்தபோது கூட இருந்து பார்க்கக் குவாமினாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பகல் முழுவதும் வேலை, இரவில்தான் வீடு. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் பெக்கி இறந்து கிடந்தார். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இப்படிப்பட்ட சாவுக்கு இடமே கிடையாது. அவர் இழந்தது என்ன என்று எண்ணிப் பார்க்காமல், அடுத்த ஆண்டு அவர் செய்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை என்பது என் எண்ணம்.

தோட்டத்துக்கு அருகே லெ ரெசூவனிர் தோட்டத்தில் பெத்தேல் என்ற சிறு தேவாலயம் இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்தது. நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு இந்த மிஷன் புதிதல்ல; மயிலாடியில் ரிங்கல்தௌபே ஊழியம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1808-இல், ஜான் ரே என்ற போதகர் டெமராராவுக்கு வந்தார். அவருக்குப் பின் 1817-இல் ஜான் ஸ்மித்தும் அவர் மனைவி ஜேனும் வந்தார்கள். வந்த புதிதிலேயே ஆளுநர் முர்ரே அவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்: ஒரு கறுப்பருக்கு எழுத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்ததாகத் தெரிந்தால் உடனே காலனியை விட்டுத் துரத்திவிடுவேன் என்று. ஸ்மித் வாய்மூடிக் கேட்டுக்கொண்டார், கற்பிப்பதை நிறுத்தவில்லை. தோட்டத்து அடிமைகள் ஞாயிறுதோறும் அங்கே குவிந்தார்கள். அந்தக் கோயிலுக்கு ஐந்து டீக்கன்கள், அதாவது சபை உதவியாளர்கள். அவர்களில் மூத்தவர் குவாமினா.

துரைமார்களுக்கு அந்தக் கோயில் கண்ணில் விழுந்த துரும்பு. அடிமைகளின் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் சொந்தக் கொல்லையில் வள்ளிக்கிழங்கும் வாழையும் பயிரிட, சந்தைக்குப் போக, கொஞ்சம் மூச்சுவிடக் கிடைத்த ஒரே நாள். அந்த நாளிலும் வேண்டுமென்றே வேலை கொடுப்பார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலரை மோசே விடுவித்துக் கொண்டுபோன கதையை அடிமைகள் தங்கள் கதையாகவே கேட்கிறார்கள் என்பது ஸ்மித்துக்கும் தெரிந்தது, துரைமாருக்கும் தெரிந்தது. 1823 மே மாதம் ஆளுநர் ஒரு உத்தரவு போட்டார்: எஜமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த அடிமையும் கோயிலுக்குப் போகக் கூடாது.

அதே மே மாதம் லண்டனில் வேறொன்று நடந்தது. பக்ஸ்டன் என்ற உறுப்பினர் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அமைச்சர் கேனிங் அதை நீர்த்துப்போகச் செய்து, அடிமைகளின் நிலையைச் சீர்திருத்தினால் போதும் என்று முடித்துவைத்தார். பெண்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, வயலில் மேஸ்திரி சவுக்கோடு நிற்கக் கூடாது என்று காலனிகளுக்குக் கடிதம் போயிற்று. ஜூலை முதல் வாரத்தில் அது டெமராராவுக்கு வந்து சேர்ந்தது. காலனியின் சபை கூடிக் கூடிப் பேசியது, ஆனால் எதையும் அறிவிக்கவில்லை. அடிமைகளிடம் சொல்லாமலே வைத்துக்கொண்டார்கள்.

சொல்லாமல் வைத்தால் தெரியாமல் போய்விடுமா? உணவு மேசையில் துரைமார் கோபத்தோடு பேசியதெல்லாம், பின்னால் நின்று பரிமாறியவர்களின் காதில் விழுந்தது. வீட்டு வேலைக்காரர்களிடமிருந்து தோட்டங்களுக்கு அது பரவியது. இங்கிலாந்து ராஜா நமக்கு ஏதோ கொடுத்திருக்கிறார், இவர்கள் மறைக்கிறார்கள் என்று பேச்சு. கொடுத்தது விடுதலையே என்று பலரும் நம்பினார்கள். குவாமினாவின் மகன் ஜாக்கும் நம்பினார். ஜாக் பீப்பாய் செய்யும் தொழிலாளி. உயரமானவர், இளைஞர், தந்தையைப் போல ஆலயக் கட்டுப்பாட்டுக்குள் அடங்கியவரல்லர். எழுச்சித் திட்டத்தின் உயிர்நாடி அவர்தான்.

குவாமினா நேரே போதகரிடம் போய்க் கேட்டார். ராஜா விடுதலை கொடுத்துவிட்டாரா? இல்லை என்றார் ஸ்மித். உங்கள் நன்மைக்காக ஏதோ சில ஏற்பாடுகள் வந்திருக்கின்றன, பொறுத்திருங்கள் என்றார். குவாமினா அதை நம்பினார். மகனுக்கும் மற்றவர்களுக்கும் சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. வழிபாடு முடிந்த பிறகு சக்சஸ் தோட்டத்தில் கூடிப் பேசினார்கள். பிற்பாடு ராணுவ நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களிலிருந்து அந்தக் கூட்டத்தின் போக்கு தெரிகிறது. ஜாக்கும் இளைஞர்களும் மறுநாளே எழ வேண்டும் என்றார்கள். குவாமினா பொறுக்கச் சொன்னார். பொறுக்க முடியாதென்றால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருப்போம், ரத்தம் வேண்டாம் என்பது அவர் பேச்சு. இன்றைய மொழியில் சொன்னால் அது வேலைநிறுத்தம். அடிமையின் வேலைநிறுத்தத்துக்கு எந்தச் சட்டமும் காவலில்லை என்பதும், துரைமார் அகராதியில் அதற்குக் கலகம் என்று பெயர் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் அதற்குமேல் போக அவர் உடன்படவில்லை.

திங்கள் காலையே ஓர் அடிமை தன் எஜமானிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஆளுநர் முர்ரே குதிரையேறி வந்தார். வழியில் எதிர்ப்பட்ட கூட்டத்திடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கள் உரிமை என்றார்கள். மாலையில் கிழக்குக் கரையின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஏறத்தாழ அறுபது தோட்டங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள்.

எழுந்தவர்கள் செய்தது என்ன? துரைமாரின் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு அவர்களைப் பூட்டிவைத்தார்கள். தொழுமரத்திலும் மாட்டினார்கள். தினந்தோறும் தாங்கள் மாட்டப்பட்ட அதே தொழுமரம்தான். கால்களைக் கட்டையில் கொடுத்து ஓரிரவு உட்கார்ந்திருந்த துரைமார் பிற்பாடு நீதிமன்றத்தில் சாட்சிகளாக வந்து நின்றார்கள். அத்தனை பெரிய எழுச்சியில் கொல்லப்பட்ட வெள்ளையர் இரண்டு மூன்று பேர்தான். இந்த அடக்கத்துக்குக் கோயிலும் குவாமினா போன்ற மூத்தவர்களும் காரணம். சக்சஸ் தோட்டத்தை நிர்வகித்த துரை ஸ்டூவர்ட்டே நீதிமன்றத்தில் அப்படித்தான் சாட்சி சொன்னார்: தனக்குத் தீங்கு நேராதபடி மற்றவர்களைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தவர் குவாமினா என்று. எதிரியின் வாயிலிருந்து வந்த சாட்சியம் அது.

ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 20-ஆம் தேதி புதன்கிழமை, பேச்சலர்ஸ் அட்வெஞ்சர் என்ற தோட்டத்தில் லெப்டினன்ட் கர்னல் லீஹி தன் படையோடு இரண்டாயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தை எதிர்கொண்டார். என்ன வேண்டும் என்று அவரும் கேட்டார். வாரத்தில் சில நாட்கள் சொந்த வேலைக்கும் ஞாயிறு கோயிலுக்கும் வேண்டும் என்றார்கள் சிலர். விடுதலை வேண்டும் என்றார்கள் சிலர். கலைந்து போக அவகாசம் கொடுத்துவிட்டுச் சுட்டார். வெட்டுக்கத்தியும் கழியும் சில துப்பாக்கிகளும் வைத்திருந்தவர்கள் மேல் பயிற்சி பெற்ற படை சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே விழுந்தார்கள். இருநூறு வரை சொல்லும் கணக்குகளும் உண்டு. சுட்ட படையில் முதலாம் மேற்கிந்தியப் படைப்பிரிவும் இருந்தது. அதன் சிப்பாய்கள் கறுப்பர்கள். எழுச்சி அன்றோடு முறிந்தது.

அடுத்து வந்தவை பழிவாங்கும் வாரங்கள். தோட்டந்தோட்டமாகப் போய் விசாரணை என்ற பெயரில் அங்கேயே சுட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 33 பேரைத் தூக்கிலிட்டார்கள். பத்துப் பேரின் தலைகளை வெட்டிக் கம்பங்களில் குத்தி வைத்தார்கள். ஜார்ஜ்டவுன் அணிவகுப்பு மைதானம் கொலைக்களமாயிற்று. ஜாக் செப்டம்பர் தொடக்கத்தில் பிடிபட்டார். அவரைக் கொல்லாமல் செயிண்ட் லூசியா தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

குவாமினா தோட்டங்களின் பின்புறக் காட்டுக்குள் போயிருந்தார். காட்டின் தடங்களை அறிந்த பூர்வகுடியினரை அனுப்பித் தேடினார்கள். ஒடுக்கப்பட்டவரைத் தேடிப் பிடிக்க அந்த மண்ணின் மக்களையே ஏவிவிடுவது அந்தக் காலனியின் பழைய வழக்கம். செப்டம்பர் 16-ஆம் தேதி ஷாட்டோ மார்கோ தோட்டத்துப் பின்னால் அவரைக் கண்டுபிடித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

விசாரணை இல்லை, வாக்குமூலம் இல்லை. அவர் சொன்னதாக நமக்குக் கிடைப்பதெல்லாம் உயிருக்குப் பயந்து நின்ற மற்றவர்களின் வாய்வழி வந்தவை. உடலைச் சக்சஸ் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பொதுச் சாலையை ஒட்டிக் கம்பம் நட்டுச் சங்கிலிகளால் கட்டித் தொங்கவிட்டார்கள். காய்ந்து கறுத்த அந்த உடலின் வயிற்றுக்குள் குளவிகள் கூடு கட்டியிருந்தன, தொங்கிய தாடை வழியாகப் பறந்து போய் வந்துகொண்டிருந்தன என்று அந்த வழியே போனவர் பதிவு செய்திருக்கிறார். எழுச்சியை அடக்கியவர்கள் பக்கம் நின்ற ஜோஷுவா பிரயண்ட் என்ற ஓவியர் 1824-இல் வெளியிட்ட நூலில் இந்தக் காட்சியைப் படமாகவே வரைந்தார். காலையில் வேலைக்குப் போகும் ஒவ்வொரு அடிமையும் அதைக் கடந்துதான் போக வேண்டும். தச்சராக அவர் மரம் இழைத்த தோட்டத்தின் வாசலிலேயே அந்தக் கம்பம் நின்றது.

இங்கேதான் கதை இங்கிலாந்துக்குத் திரும்புகிறது, குவாமினாவை விட்டுவிட்டு.

போதகர் ஸ்மித்தைக் கைதுசெய்து அக்டோபர் 13 முதல் நவம்பர் 24 வரை ராணுவ நீதிமன்றத்தில் விசாரித்தார்கள். அவர் எழுச்சிக்குத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. எழுச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில் குவாமினா அவர் வீட்டுக்கு வந்து பேசியதும், கலகக்காரர் என்று தெரிந்தும் ஸ்மித் அவரைப் பிடித்துக் கொடுக்காததும் பெரிய ஆதாரமாயின. மரண தண்டனை விதித்து, கருணை காட்டப் பரிந்துரைத்தார்கள். ஏற்கெனவே காசநோயில் இருந்த ஸ்மித் 1824 பிப்ரவரி 6-இல் சிறையிலேயே இறந்தார். தண்டனையைத் தள்ளிய ராஜாவின் ஆணை அவர் இறந்த பிறகு வந்து சேர்ந்தது. இரவோடு இரவாக, அடையாளம் தெரியாத இடத்தில் புதைத்தார்கள். மனைவி ஜேன் உடன்போகக்கூட விடவில்லை.

இங்கிலாந்து கொதித்தது. அந்த ஜூனில் புரூம் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். 146-க்கு 193 என்று தோற்றது. தோற்றாலும் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குப் புதுவேகம் வந்தது. ஸ்மித் ‘டெமராராவின் தியாகி’ ஆனார். 1848-இல் வால்பிரிட்ஜ் என்ற போதகர் எழுதிய ஸ்மித்தின் வரலாற்று நூலுக்கு அதுவே தலைப்பு. ஜார்ஜ்டவுனில் அவர் நினைவாக ஆலயமும் எழுந்தது.

ஸ்மித் நல்லவர். துணிந்தவர். அவர் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நூற்றுக்கணக்கான கறுப்பர்கள் சுட்டும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சியில், லண்டனின் மனசாட்சியை உலுக்க ஒரு வெள்ளைப் போதகரின் சாவு தேவைப்பட்டது. ஸ்மித்துக்காக வாதாடியவர்கள் அவர் கலகத்துக்குக் காரணமல்ல என்று காட்டுவதிலேயே முனைந்தார்கள். அந்த வாதத்தில் குவாமினாவுக்குக் கிடைத்த இடம் போதகரின் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் அப்பாவியின் இடம். துரைமார் அவரைச் சதிகாரர் என்றார்கள். இருதரப்புமே அவரைச் சிந்தித்து முடிவெடுத்த ஒரு மனிதராகப் பார்க்கவில்லை. போதகர் பொறு என்றதையும் கேட்டு, மகன் எழு என்றதையும் கேட்டு, இரண்டுக்கும் நடுவே ரத்தமற்ற ஒரு வழியைத் தேடிய மனிதர் அவர்.

இனிச் சக்சஸ் தோட்டத்தின் சொந்தக்காரரைப் பற்றி. லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன். டெமராராவில் ஒருநாளும் காலடி வைக்காதவர். 1816-இல் தோட்டம் முழுவதையும் தனதாக்கி, கரும்புக்கு மாற்றி, அடிமைகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கினார். எஜமானின் குடும்பப் பெயரே அடிமைக்கும். தந்தையும் மகனும் ஏடுகளில் குவாமினா கிளாட்ஸ்டன், ஜாக் கிளாட்ஸ்டன் என்றே இருக்கிறார்கள். எஜமானின் மகன் வில்லியம் பிற்காலத்தில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமரானவர். 1833-இல் நாடாளுமன்றத்தில் அவர் பேசிய முதல் முக்கிய உரை, தந்தையின் டெமராரா தோட்டத்தில் அடிமைகள் கொடுமைப்படுத்தப்படவில்லை என்று வாதிட்ட உரை. அந்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நஷ்டஈடு அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. டெமராராவிலும் ஜமைக்காவிலுமாக 2,508 அடிமைகளுக்காக ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது 1,06,769 பவுன்.

பணம் வந்தது, ஆள் வேண்டுமே. 1836 ஜனவரியில் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் ஆர்பத்நாட் கம்பெனிக்கு அவர் கடிதம் எழுதினார்: தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் அனுப்ப முடியுமா என்று. 1838 மே 5-ஆம் தேதி விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் டெமராராவில் வந்து நின்றன. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. குவாமினாவின் சனங்கள் விட்டுப்போன லயங்களில் நம் சனங்கள் குடியேறியது இப்படித்தான்.

2013 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் கடற்கரைச் சாலையில் 1823 எழுச்சிக்கு நினைவுச்சின்னம் திறந்தார்கள். அது அங்கே இருக்கக் கூடாது, தலைகளைக் கம்பத்தில் வைத்த அணிவகுப்பு மைதானத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆப்பிரிக்க வம்சாவளி அமைப்புகள் எதிர்த்தன. அவர்கள் சொன்னதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருநூறாம் ஆண்டான 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாவுக்கு வந்து பல்கலைக்கழகத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அடிமை முறைக்கும், ஒப்பந்தக் கூலி முறைக்கும் சேர்த்து. ஆய்வுப் பணிக்கு ஒரு லட்சம் பவுன் தருவதாகவும் சொன்னார்கள். கூட்டத்தில் சிலர் அதை ஏற்கவில்லை. மன்னிப்பு போதாது, ஈடு வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். அந்தக் கோரிக்கை இன்றும் கரீபிய நாடுகளின் மேசையில் இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் அந்த இரண்டு கப்பல்களில் ஏறியவர்களையும், அவர்களுக்குப் பின்னால் சென்னையிலிருந்து போனவர்களையும் பார்ப்போம். உங்கள் குடும்பத்தில் யாராவது ‘டெமரா’வுக்குக் கப்பலேறிப் போனதாகப் பழைய பேச்சு ஏதும் இருந்தால், பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.